கையில் நெய்யப்படும் பக்கம்

திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டில், அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நெல் மூட்டைகளால் நிரம்பும். பக்கத்தில் ஆரணி; தேவிகாபுரம், ஒண்ணுபுரம், சேவூர் என்று சுற்றிலும் பட்டுத்தறி ஓடும் ஊர்கள். இங்கே ஒரு குடும்பத்துக்கு எழும் கேள்விகள் பல. நெல்லுக்கும் மணிலாக் கொட்டைக்கும் இன்று என்ன விலை? கச்சாப் பட்டு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? தாத்தா நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது? மகளுக்குப் பொதுத்தேர்வில் எத்தனை மதிப்பெண்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை இன்று இணையத்தில் இருக்கிறது. அந்த விடையைத் திரைக்குக் கொண்டுவரும் மென்பொருள் உலாவி, அதாவது பிரௌசர்.

ஆனால், உலாவியைப் புதியவருக்கு நாம் கற்றுத்தரும் விதத்தில் பெரிய குறை இருக்கிறது. “இங்கே அமுக்குங்க, அப்புறம் அங்கே அமுக்குங்க” என்று சொல்கிறோம். அவரும் மனப்பாடம் செய்துகொள்கிறார். அடுத்த மாதம் அந்தத் தளம் தன் தோற்றத்தை மாற்றினால், கற்றதெல்லாம் வீணாகிவிடுகிறது. பழைய பொத்தானைத் தேடித் தேடி, கண்ணில் பட்ட வேறு எதையோ அமுக்குகிறார். உலாவி என்ன வேலை செய்கிறது, அதைத் தனக்கு ஏற்றபடி எப்படி அமைத்துக்கொள்வது என்ற இரண்டையும் முதலில் கற்றவருக்கு இந்தத் தடுமாற்றம் வராது. இந்த அத்தியாயம் அந்த இரண்டையும் பற்றியது.

அட்டையும் தறியும்

உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால், தொலைதூரத்தில் எங்கோ இருக்கும் படம் நம் திரையில் தெரிவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அப்படி ஒரு படம் வருவதே இல்லை. வருவது பெரும்பாலும் குறிப்புகளே.

நெசவாளருக்கு இது புதிய செய்தி அல்ல. தறியின் மேல் உள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டையில் சேலை இருக்காது, ஓட்டைகள்தான் இருக்கும். ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி ஏறும். பாவு இழையைத் தூக்கும். அடியில் நாடா ஓடும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை என்று ஓட ஓட, மயிலும் மாங்காயும் முந்தானையில் எழும். அதே அட்டைக் கட்டை வேறொரு தறியில் ஏற்றினால், பாவின் நிறத்துக்கும் இழையின் தடிமனுக்கும் ஏற்ப வேறொரு சேலை கிடைக்கும். இணையப் பக்கமும் இப்படித்தான். தளத்திலிருந்து வருவது அட்டை. நெய்யும் தறி நம் கையில் உள்ள உலாவி.

அந்த அட்டையின் பெயர் எச்டிஎம்எல். “இது தலைப்பு, இது பத்தி, இந்த இடத்தில் ஒரு படம், இதைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்குப் போ” என்பன போன்ற குறிப்புகள் அதில் எழுத்துகளாகவே இருக்கும். நிறமும் அளவும் இன்னொரு கோப்பில் வரும். அசைவுகளுக்கான கட்டளைகள் மற்றொன்றில் வரும். உலாவி இவற்றையெல்லாம் வாங்கிப் படித்து, உங்கள் திரையின் அகலத்தைப் பார்த்து, எந்த எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்று கணக்கிட்டு வரைகிறது. அதனால்தான் ஒரே பக்கம் செல்போனில் ஒரு விதமாகவும் கணினியில் வேறு விதமாகவும் தெரிகிறது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படையை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் இதை முன்மொழிந்து, 1990-இல் முதல் உலாவியையும் அவரே எழுதினார். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்தபோதுதான் உலாவி பொதுமக்கள் கைக்கு வரத் தொடங்கியது. ஓட்டை அட்டைக்கும் கணினிக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. பிரான்சின் ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய தறியின் அட்டையைத்தான், சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வு எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும் வழியாகத் தேர்ந்தெடுத்தார்.

பக்கம் நம் கையில்தான் நெய்யப்படுகிறது என்று புரிந்துவிட்டால், அதை மாற்றும் உரிமையும் நமக்கு உண்டு என்பது தானாகவே விளங்கும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு எழுத்து பொடியாகத் தெரிகிறதா? தளத்துக்காரரிடம் முறையிட வேண்டியதில்லை. செல்போனில் உள்ள குரோம் உலாவியில் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, ‘அமைப்புகள்’ பக்கத்தில் ‘அணுகல்தன்மை’ என்ற பிரிவுக்குப் போனால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதே அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றலாம். புதியவருக்கான முதல் பாடம் இந்த இரண்டுமாகவே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவில், படிக்கத் தெரிந்த மொழியில் திரை இருந்தால்தான் மற்றப் பாடங்கள் மனத்தில் ஏறும்.

ஏழு எழுத்து, 39 பைட்

சேத்துப்பட்டு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் ஏழு எழுத்து: சே, த், து, ப், ப, ட், டு. கணினியின் கணக்கு வேறு. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் உயிர்மெய்யெழுத்து, அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியுமாகப் பிரிகிறது. புள்ளிக்கும் தனி எண் உண்டு. அப்படிப் பிரித்தால் சேத்துப்பட்டு 13 குறியீடுகள். இணையத்தில் எழுத்து பயணிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. ஆக, மொத்தம் 39 பைட்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். தமிழ்ப் பெயர் மறைந்து, சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நீண்ட சரம் ஒன்று வந்து நிற்கும். பலர் அதை வைரஸ் என்று பயந்து அழித்துவிடுகிறார்கள். அது ஆபத்தில்லாத ஒன்று. முகவரிகள் பழைய ஆங்கில எழுத்துக்குள்ளேயே பயணிக்க வேண்டும் என்ற விதியால், ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியாகவும் இரண்டு எழுத்தாகவும் மாற்றி எழுதப்படுகிறது. 39 பைட் 117 எழுத்தாகிவிடும். உலாவி அதைத் திரும்பவும் தமிழாக்கிக் காட்டும்.

தேடலிலும் இந்தப் பெயருக்கு ஒரு பாடம் இருக்கிறது. சென்னையிலும் ஒரு சேத்துப்பட்டு உண்டு. வெறும் பெயரை இட்டால், தேடுபொறி அந்தப் பெருநகரப் பகுதியைத்தான் பெரும்பாலும் முன்னால் நிறுத்தும். கூடவே ‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்றோ ‘ஆரணி’ என்றோ சேர்த்தால் நம்மூர் வரும். தேடுபொறிக்கு நம் மனத்தில் இருப்பது தெரியாது, கொடுத்த சொற்கள்தான் தெரியும் என்பதைப் புதியவருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

தமிழைப் படிக்க உலாவியைத் திருத்திய காலம்

இன்று உலாவியைத் திறந்ததும் தமிழ் தெரிகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி இல்லை. உலாவியின் அமைப்புகளைத் தொடாமல் தமிழ் படிக்கவே முடியாது என்ற காலம் இருந்தது.

1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறியது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து வலையேற்றியது. அதன் பின்னணியில் சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் உழைப்பு இருந்தது. அன்று தமிழுக்குப் பொதுவான ஒரே எண்வரிசை நடைமுறையில் இல்லை. திஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்கள். நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தம் எழுத்துருவை வைத்திருந்தன. திஸ்கியில் 171 என்ற எண் ‘அ’. உலாவியோ தன் வழக்கப்படி மேற்கு ஐரோப்பிய அட்டவணையைப் பார்க்கும், அதில் 171 என்பது «. ஆகவே ‘அன்பு’ என்று எழுதப்பட்ட பக்கம் «ýÒ என்று தெரியும். அட்டை சரியாகத்தான் வந்தது. தறியில் தவறான எழுத்து பூட்டப்பட்டிருந்தது.

படிக்க விரும்பியவர்கள் எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவி, உலாவியின் பட்டியலில் குறியாக்கத்தைப் ‘பயனர் வரையறுத்தது’ என்று மாற்றி, அதற்கு அந்த எழுத்துருவை ஒதுக்க வேண்டியிருந்தது. கணினித் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் புலம்பெயர்ந்த இல்லத்தரசிகளும் இதைக் கற்றுக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு தந்த பொது எண்கள் இயங்குதளங்களில் நிலைபெற்றதும் அந்தச் சிரமம் படிப்படியாகத் தீர்ந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

செல்போனில் அந்தச் சிக்கல் இன்னொரு முறை தலைகாட்டியது. அன்றைய மலிவுவிலைப் போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது கைகொடுத்தது ஓப்பரா மினி என்ற உலாவி. முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால், உலாவிக்குள்ளேயே மறைந்திருக்கும் ஒரு பக்கம் திறக்கும். சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தவா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். ‘ஆம்’ என்று மாற்றிச் சேமித்தால், ஓப்பராவின் வழங்கியே தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். கட்டங்கள் மறைந்து தமிழ் வரும். இந்தக் குறிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. அமைப்புகள் பக்கம் பொறியாளருக்கு மட்டும் உரியது என்று ஒதுங்குகிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். நம் மொழியைப் படிப்பதற்காகச் சாதாரண மக்கள் அந்தப் பக்கத்துக்குள் முன்பே போய் வந்திருக்கிறார்கள்.

முகவரியை வலமிருந்து படிப்பது

அடுத்த பாடம் முகவரிப் பட்டை. புதியவர் மிகக் குறைவாகப் பார்க்கும் இடம் இது. ஆனால் உலாவித் திரையிலேயே அதிகம் நம்பத்தக்க இடமும் இதுதான். பட்டைக்குக் கீழே தெரியும் அனைத்தையும் தளத்தை உருவாக்கியவர் தன் விருப்பம்போல் வரையலாம். அரசு முத்திரையை ஒட்டலாம். முதலமைச்சர் படத்தையும் வைக்கலாம். முகவரியில் உள்ள பெயரை மட்டும் அவரால் பொய்யாக எழுத முடியாது.

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். மனிதருக்கு நினைவில் நிற்கும் பெயரை எண்ணாக மாற்றிக்கொடுக்கும் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்தார். பெயர்களை வலப்புறத்திலிருந்து பகிர்ந்து கொடுக்கும் முறை அது. பட்டா, சிட்டா பார்க்கும் தமிழக அரசின் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன். கடைசியில் உள்ள ‘இன்’ இந்தியா. அதற்கு முந்தைய ‘கவ்’ அரசு. இந்த முடிவைத் தனியார் எவரும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதற்கு முன் ‘டிஎன்’ தமிழ்நாடு. ஆக, இந்தப் பெயர் தமிழ்நாடு அரசின் கையில் இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்து ஆவணத்தை அங்கே பார்க்கலாம்.

இப்போது ஒரு மோசடிக்காரர், ‘இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் டாட் ஏதோஒருபெயர் டாட் காம்’ என்று ஒன்றைத் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து படிப்பவருக்கு அது அரசுத் தளம். வலமிருந்து படிப்பவருக்கு அதன் உடைமையாளர் ‘ஏதோஒருபெயர் டாட் காம்’. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பட்டையைத் தொட்டு முழு முகவரியையும் பாருங்கள், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள், அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் என்ன எழுதியிருந்தாலும் உடைமையாளர் மாறப்போவதில்லை.

முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை. 2015 முதல் இதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் மோசடித் தளங்களிலும் பூட்டு இருக்கும். 2021-இல் கூகுள் நடத்திய ஆய்வில், பூட்டின் சரியான பொருளைப் புரிந்துவைத்திருந்தவர்கள் 11 சதவீதம் மட்டுமே. அதனால் 2023-இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

சரியான முகவரியை ஒருமுறை உறுதி செய்துகொண்டால், அதைப் புத்தகக்குறியாகச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தேடிப் போனால், பட்டியலின் உச்சியில் காசு கொடுத்து இடம்பிடித்த விளம்பரங்களைக் கடந்துதான் போக வேண்டும். வங்கி, மின்கட்டணம், பட்டா ஆகிய மூன்றுக்குமாவது சேமித்த குறி இருக்க வேண்டும்.

நினைவும் அனுமதியும்

இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவர்தான் அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பது தளத்துக்குத் தெரியாது. இணையக் கடையில் பொருள்களைக் கூடையில் சேர்த்துக்கொண்டே போக இது இடைஞ்சல். நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி 1994-இல் இதற்கு ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பைக் கொடுக்கும். உலாவி அதை வைத்திருந்து, மறுமுறை போகும்போது காட்டும். அதுதான் குக்கி. நீங்கள் உள்நுழைந்தவர் என்று தளம் அறிவது இதனால்தான். பல தளங்களில் விளம்பரம் உங்களைத் தொடர்ந்து வருவதற்கும் பெரும்பாலும் இதுவே வழி.

ஒரே போனை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்துவதும், அக்கம்பக்கத்துக் கணினி மையத்தில் விண்ணப்பம் போடுவதும் நம் ஊர்களில் வழக்கம். அந்த நிலையில் குக்கியைப் புரிந்துகொள்வது பணத்தைக் காக்கும் விஷயம். வேலை முடிந்ததும் ‘வெளியேறு’ என்பதைத் தொட வேண்டும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று பிறர் கணினியில் உலாவி கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உலாவியின் மறைநிலைத் தாவலில் (இன்காக்னிட்டோ) வேலை செய்தால், எல்லா மறைநிலைத் தாவல்களையும் மூடியதும் குக்கியும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் அந்தக் கருவியிலிருந்து அழியும். ஆனால் தரவிறக்கிய கோப்பு அங்கேயே இருக்கும். ஆதார் நகலையும் பட்டா நகலையும் தரவிறக்கியவர்கள் அதை நினைவாக அழித்துவிட வேண்டும். தளமோ இணைய இணைப்பைத் தருபவரோ உங்களை அறிவதைத் தடுக்க மறைநிலையால் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது அனுமதி. இருப்பிடம், கேமரா, ஒலிவாங்கி, அறிவிப்பு ஆகியவற்றைத் தளம் தானாக எடுத்துக்கொள்ள உலாவி விடாது, உங்களைக் கேட்கும். அவசரத்தில் ‘அனுமதி’ என்று தொட்டுவிடுகிறோம். பின்பு ராத்திரி பகலாக “உங்கள் போனில் வைரஸ்” என்று பொய் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். அமைப்புகளில் ‘தள அமைப்புகள்’, அதற்குள் ‘அறிவிப்புகள்’ என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும், வேண்டாததை நீக்கிவிடலாம். கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அறிந்தவருக்கு உலாவியின் மீதுள்ள பயமே பாதி போய்விடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். உலாவி வழியாக வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்புகளை நிறுவ அனுமதிக்கவே கூடாது. அரசு உதவித்தொகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் இந்தச் செயலிகள் குறுஞ்செய்தியைப் படித்து ஓடிபியைத் திருடக்கூடியவை. பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

வீராம்பட்டினமும் கால்காஜியும்

இவற்றை எப்படிக் கற்பிப்பது? நமக்கு அருகிலேயே ஒரு நல்ல முன்னோடி இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வட்டாரத்தில், வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அந்தந்த ஊர்க்காரர்களே, அவர்களில் பெண்கள் பலர், கணினியைக் கற்று மையங்களை நடத்தினார்கள். மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அன்றாடம் தேவைப்பட்டது ஒரு தகவல்: கடலில் அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கி வழியாகக் கரைக்குக் கேட்கும்படி செய்தார்கள். பாடம் கணினியில் தொடங்கவில்லை. கடலுக்குப் போகலாமா என்ற கேள்வியில் தொடங்கியது. சேத்துப்பட்டில் அது நெல் விலையாகவோ பட்டாவாகவோ இருக்கலாம். கற்பவர் தன் கேள்வியோடு வரட்டும். திரையைத் தொடும் விரலும் அவருடையதாகவே இருக்கட்டும்.

மறு ஆண்டு, 1999-இல், புதுதில்லியின் கால்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்துவைத்தார். அக்கம்பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல், ஒருவரைப் பார்த்து ஒருவராக உலாவியை இயக்கக் கற்றார்கள். நகர்த்துவதும் தொடுவதும் திரும்பி வருவதும் விளையாட்டாகவே வந்துவிடும் என்பதற்கு இது சான்று. பெரியவர்களுக்கும் கூட்டாகக் கற்பது பயத்தைப் போக்கும்.

ஆனால், விளையாட்டால் வராத பாடங்களும் உண்டு. தவறான பொத்தானைத் தொட்டால் உடனே திரையில் தெரியும், திருத்திக்கொள்ளலாம். தவறான முகவரியை நம்பினால், சேமிப்பு காலியான பிறகுதான் தெரியும். கொடுத்த அனுமதியின் விளைவு மறுநாள்தான் வரும். அயலார் கணினியில் விட்டுவந்த குக்கி கண்ணுக்கே படாது. தவறு உடனடியாகப் புலப்படாத இந்த இடங்களில் முயன்று கற்க வழியில்லை. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். கற்பிப்பவரின் நேரம் முழுவதும் இங்கேதான் செலவாக வேண்டும்.

பாடம் முடிந்ததா என்று அறிய ஒரு சோதனை போதும். கற்றவர் இதுவரை காணாத ஒரு தளத்தைத் திறந்துகொடுத்து, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பக்கம் யாருடையது? இது உங்களிடம் என்ன கேட்கிறது? கொடுத்ததைத் திரும்பப் பெற எங்கே போவீர்கள்? முதல் கேள்விக்கு முகவரிப் பட்டையையும், இரண்டாவதற்கு அனுமதி கேட்கும் பெட்டியையும், மூன்றாவதற்கு அமைப்புகளையும் அவர் தாமாகவே காட்டினால், நாளைக்கு எந்தப் புதிய உலாவி வந்தாலும் அவருக்கு இன்னொருவரின் துணை தேவைப்படாது.